அறைக்கே வரும் டீ

எங்கள் அக்கா கார்குழலி போட்ட டீயைக் குடிக்காத ட்ரெய்லர் டிரைவர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கிடையாது என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை. துறைமுகத்துக்குள் போவதற்காகக் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில்தான் அவளுடைய தள்ளுவண்டிக் கடை. வரிசை நகர்ந்தால் டிரைவர்கள் போய்விடுவார்கள். நகராவிட்டால் இறங்கி வந்து இட்லி, வடகறி, டீ என்று கேட்பார்கள். நகராத நாட்கள்தான் அதிகம். அந்தப் புழுதியிலும் புகையிலும் இட்லிக் குண்டானின் ஆவியிலும் நின்றே அவள் இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு டீ உண்டு. ஊர் எழுவதற்கு முன்னால் எழுந்து, ஸ்டவ்வைப் பற்ற வைத்து, முதல் தம்ளரைத் தன் புருஷனுக்கு, எங்கள் மாமாவுக்கு, கொடுப்பாள். எனக்குக் கல்யாணம் ஆகும் வரை இரண்டாவது தம்ளர் எனக்கு. எங்கள் அம்மா மாநகராட்சியில் துப்புரவு வேலைக்கு இருட்டோடு போய்விடுவாள். அதனால் புளியந்தோப்பு குடியிருப்பில் இருந்த காலத்திலேயே, சின்னப் பெண்ணாக இருந்தபோதே, அடுப்பு அக்கா கைக்கு வந்துவிட்டது. நான் வளர்ந்ததே அந்த டீயில்தான். அவளுக்கு யாரும் டீ போட்டுக் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் எல்லாம் குடித்த பிறகு, அடுப்படியில் நின்றபடியே, ஆறிப்போனதை ஊற்றிக் குடிப்பாள். அதையும் முழுசாகக் குடிக்க மாட்டாள், அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

போன கோடையில் ஒருநாள் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நான் திருவொற்றியூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள், மதிய ஷிப்ட் என்றால் காலையில் அக்காவிடம் போய் நாஷ்டா முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். குண்டானைத் திறந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திடீரென்று கேட்டாள்.

“ஏன்டி செங்கொடி, ரெண்டு நாளு எங்கனா போய்ட்டு வரலாம்னு கீது. நானும் உங்க மாமாவும்.”

“யாரு வூட்டுக் கண்ணாலம்?”

“கண்ணாலம் இல்லடி. சும்மா.”

நான் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எங்கள் சனம் ஊர் விட்டு ஊர் போவதென்றால் அதற்குக் காரணம் வேண்டும். கல்யாணம், சாவு, இல்லையென்றால் ஆஸ்பத்திரி. சும்மா போவது என்பதை எங்கள் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சும்மா போனார்கள் என்றால், வீட்டில் ஏதோ தகராறு, சமாதானம் பண்ணக் கூட்டிக்கொண்டு போகிறான் என்றுதான் மாடிப்படியில் பேசிக்கொள்வார்கள்.

“எங்க போவணும்?”

“குளுரா கீற எடமா பாத்து சொல்லு. நல்லா போத்திகினு படுக்கணும். அப்பால…” என்று இழுத்தாள். ஒரு டிரைவர் சில்லறைக்கு நிற்க, அவரை அனுப்பிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். “காலைல நான் எழுந்திருக்க சொல்லோ யாராச்சும் டீ கொண்டாந்து குடுக்கணும். படுத்துகினே வாங்கிக்கணும். ஒரு நாளு போதும்.”

இவ்வளவுதான் அவள் கேட்டது. தாஜ்மகாலையா கேட்டாள்?

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் திட்டம் போட ஆரம்பித்தோம். பாண்டிச்சேரி என்றேன். “கடல பாக்க அம்மாந்தூரம் போவணுமா? காசிமேட்டுல இல்லாத கடலா? அதுவும் உங்க மாமாவ பாண்டில வுட்டா ரெண்டு நாளு கழிச்சி ஆட்டோல தூக்கிகினுதான் வரணும்” என்றாள். ஊட்டி என்றேன். மலை ஏறினால் அவளுக்கு வாந்தி. மாமல்லபுரம் சாயங்காலமே திரும்பி வரும் ஊர், இரவு தங்காத ஊரில் காலை டீ எப்படி வரும்? கடைசியில் பெங்களூர் என்று முடிவானது. காலையில் சென்ட்ரலில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம், உட்கார்ந்து போகிற டிக்கெட் மலிவு, லால்பாக் தோட்டத்தைச் சுற்றி வரக் கால் இருந்தால் போதும்.

மாமா ஜெயவேலும் ட்ரெய்லர் டிரைவர்தான். பெங்களூருக்கு எத்தனையோ முறை லோடு கொண்டுபோனவர். ஆனால் ஊருக்கு வெளியே கன்டெய்னர் யார்டில் வண்டியை நிறுத்தி, கேபினிலேயே படுத்து, காலி வண்டியோடு திரும்பி வந்துவிடுவார். “பெங்களூரா? எனக்கு தண்ணி பட்ட பாடு” என்று மார்தட்டினார். லால்பாக் எந்தப் பக்கம் மாமா என்று கேட்டேன். “யார்டுலேர்ந்து லெப்ட்டு” என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

மாமா கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பேசப்போகிற பேச்சுக்கு நீங்கள் அவரை வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். குடித்தாலும் கலாட்டா பண்ணாதவர். அக்கா மேல் கை நீட்டியதில்லை. அவருக்கு ஒரே ஒரு வியாதி, வேணாம் என்று சொல்லத் தெரியாது. யார் என்ன கேட்டாலும் சரி என்பார். லோடு ஏற்றச் சொன்னாலும் சரி, கைமாற்று கேட்டாலும் சரி. எல்லோருக்கும் அவர் நல்லவராக இருக்கும்போது அந்தச் சரிக்கெல்லாம் வேலை செய்கிறவள் எங்கள் அக்கா.

தேதிதான் பெரிய பேஜாராகிவிட்டது. வண்டி ஓடினால் மாமாவுக்கு லீவு இல்லை, வண்டி நின்றால் அக்காவுக்கு லீவு இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சும்மா இருக்க வேண்டுமானால் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு வண்டிகூட இருக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி ஸ்டிரைக். ஊரில் மற்றவர்கள் காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்து டூர் போடுவார்கள். நாங்கள் ட்ரெய்லர் சங்கம் எப்போது நோட்டீஸ் கொடுக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் நோட்டீஸ் வந்தது. வாடகையை ஏற்றித் தராவிட்டால் வண்டிகள் ஓடாது என்று தேதி போட்டுச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே ரயில் டிக்கெட் போட்டேன். என் போனில் லாட்ஜ் தேடினேன். அக்கா என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தீர்ப்பு. “பாத்ரூம் கலீஜா கீது, வாணாம்.” “ஜன்னலே இல்லடி, லாக்கப்பு மாதிரி கீது.” ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று கிடைத்தது. நம் கைக்கு அடங்கிய வாடகைதான். சின்ன அறை, வெள்ளைப் போர்வை, சின்னதாக ஒரு பால்கனி, அதில் ஒரு பிரம்பு நாற்காலி. கீழே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். காலை டீ அறைக்கே வரும்.

“இன்னொரு தபா படி.”

படித்தேன்.

“அறைக்கேன்னா? நாம எழுந்து போயி வாங்கிகினு வரணுமா?”

“இல்லக்கா. கதவத் தட்டுவாங்க. டிரேல வெச்சி குடுப்பாங்க.”

“பாத்திரம் யாரு கழுவுவாங்க?”

“அவங்கதாங்க்கா!”

“சும்மா சொல்லாத” என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதை எடுத்துப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். அறையைப் பார்க்க மாட்டாள், பால்கனி நாற்காலியைத்தான் பெரிது பண்ணிப் பார்ப்பாள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சங்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பேச்சுவார்த்தை நடக்கிறதாம், முடிந்துவிடுமாம், வண்டிகள் வழக்கம்போல ஓடுமாம். மாமா சங்கத்துத் தோஸ்துகளுக்குப் போன் போட்டபடி இருந்தார். அக்கா புதுப் புடவையைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். விளக்கு வைத்த பிறகு தகவல் வந்தது, முதலாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சு முறிந்துவிட்டது என்று. தெருவில் டிரைவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, எங்கள் வீட்டில் மட்டும் அக்கா “நல்லா இருக்கணும் அந்த மொதலாளிங்கோ” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா வாயைப் பொத்தச் சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார்.

காலையில் சென்ட்ரல் வரைக்கும் நான் போய் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கல்யாணப் பெண் மாதிரி பூ வைத்துக்கொண்டு கை ஆட்டினாள். அன்றைக்கு அவள் முகத்தை ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வண்டி கிளம்பும் அவசரத்தில் சாப்பாட்டுப் பையை மறந்தாளா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

மாமாவின் சொந்த அக்கா சொக்கம்மாள் பெங்களூரில்தான் இருக்கிறாள், அல்சூர் பக்கம். கல்யாணமாகிப் போய்ப் பேரப்பிள்ளை எடுத்தாகிவிட்டது. எங்களுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான், திரும்பும் நாளில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று மாமாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஏனென்றால் எங்கள் சனத்தில் ஒரு முறை இருக்கிறது. ரத்த சொந்தம் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்கினால், பேச்சுவார்த்தை இல்லை, பகை என்று அர்த்தம். பாகத் தகராறில் வெட்டுப்பழி குத்துப்பழி ஆனவர்கள்தான் அப்படித் தங்குவார்கள். “உங்க அக்காவுக்கு தெரிஞ்சா தீந்துச்சி மாமா” என்றேன். “ச்சே ச்சே, நான் ஏன் சொல்றேன்” என்றார்.

ரயில் ஜோலார்பேட்டை தாண்டியதும் மனிதருக்கு மனசு கேட்கவில்லை. அக்கா கண்ணயர்ந்த நேரத்தில் போனை எடுத்துவிட்டார். “யக்கா, உங்க ஊருக்குதான் வந்துகினு கீறோம்.” சும்மா சொல்லி வைத்தாராம். அந்தப் பக்கத்தில் சொக்கம்மாள் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள். எங்கே தங்குகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு இவருக்குப் பொய் வரவில்லை.

சாயங்காலம் வேலையில் இருக்கும்போது எனக்கு ஒரு போன். லாட்ஜிலிருந்து. நான்தானே பதிவு செய்தேன், என் நம்பர்தானே இருக்கும். ரூம் ரெடியாக இருக்கிறது, கெஸ்ட் இன்னும் வரவில்லையே என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். பில் போடுகிற க்யூவை அப்படியே விட்டுவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம், கூட்டமாகப் பேச்சு, குக்கர் விசில்.

“எங்கக்கா கீற?”

“அண்ணி வூட்லடி. ஸ்டேசனுக்கே வந்துட்டாங்கோ.”

“லாட்ஜி?”

“அப்பால பேசறேன். வடகறிக்கு அரைச்சிகினு கீறேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பில் மிஷின் மேல் வீசினேன். மேனேஜர் முறைத்தான். முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் வாயைக் கிளறித் தெரிந்துகொண்டது இது. சொக்கம்மாள் மகனோடு ஸ்டேஷனில் பிளாட்பாரத்திலேயே நின்றிருக்கிறாள். தம்பியைக் கட்டிக்கொண்டு, “டேய் ஜெயா, நான் செத்துட்டேன்னு நெனைச்சிட்டியாடா? என் வூடு இல்லியா ஒனக்கு?” என்று எல்லோரும் பார்க்க அழுதிருக்கிறாள். மாமா என்ன சொல்லியிருப்பார்? சரி என்றுதான் சொல்லியிருப்பார். அக்கா அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

சொக்கம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. தம்பி வருகிறான் என்று புதுப் பாய், புதுத் தலையணை உறை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாள். கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் படுத்திருக்கிறாள். ஆனால் வயசான நாத்தனார் அடுப்படியில் நிற்கும்போது தம்பி பெண்டாட்டி எப்படி உட்கார்ந்திருப்பாள்? எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது வராது. ஒரு கை பிடிக்கிறேன் என்று எழுந்தவள்தான். “குழலி, உன் கை வடகறி துன்னு எத்தினி வருசம் ஆச்சு” என்று நாத்தனார் சொல்ல, மாமா பெருமையில், “எக்ஸ்பிரஸ் ரோடே இவ கைய நக்கிகினு நிக்குதுக்கா” என்று எடுத்துவிட, அந்த வரிசை வீடுகளில் இருக்கிற நம் சனம் முழுவதும் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. யாரோ பெரிய குண்டான்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். ஊரில் விட்டுவிட்டு வந்த குண்டான் அங்கே வந்து அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலை விடிவதற்கு முன்னால் அவளுக்கு வழக்கம்போல விழிப்பு வந்திருக்கிறது. நல்ல குளிராம். போர்வை இருந்ததாம். கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் படுத்திருந்தாளாம். தரையில் நாத்தனார் இருமுகிற சத்தம் கேட்டிருக்கிறது. எழுந்து போய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் டீ போட்டாள்.

“யாருனா ஒனக்கு குடுத்தாங்களாக்கா?” என்று கேட்டேன்.

“நான் போட்டதுதானடி. நானே ஊத்திக்க மாட்டேனா?” என்றாள்.

லால்பாக் போகலாம் என்று மாமாவிடம் ஒருமுறை மெல்லக் கேட்டிருக்கிறாள். இவரும் சரி என்று சொல்லிச் சட்டை மாட்டியிருக்கிறார். அதற்குள் மாமாவின் ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு வந்துவிட்டான், அவர்களுக்கு இட்லி. அப்புறம் மழை. மத்தியானம் ரயிலுக்கு ஆட்டோவில் போகும்போது ஸ்டேஷன் பக்கத்தில் அந்த லாட்ஜின் போர்டு தெரிந்திருக்கிறது. சிக்னலில் ஆட்டோ நின்ற நேரத்தில் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாளாம். ஒரு பால்கனியில் அதே பிரம்பு நாற்காலி மழையில் நனைந்துகொண்டு இருந்ததாம்.

“இன்னாத்த பாக்கற?” என்று மாமா கேட்டிருக்கிறார்.

“ஒண்ணும் இல்லய்யா” என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்த அன்று நான் மாமாவைச் சும்மா விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். “ஒரே ஒரு நாளு. ஒரு டீ. அத்த ஒன்னால குடுக்க முடிஞ்சிதா? போன் பண்ணலேன்னா செத்தா பூடுவ?” என்று கேட்டேன். கடைசியில், “அக்காவ ஸ்டேசன்ல அழ வுட்டுட்டு லாட்ஜிக்கு போனா ஜனம் இன்னா பேசும் செங்கொடி?” என்றார்.

“ஜனம் அழுதா பாப்ப. வூட்டுக்காரி அழ மாட்டான்னு தெரியும், அதான?”

அக்காதான் உள்ளே இருந்து அதட்டினாள். “கம்முனு இருடி. நல்லாதான் இருந்துச்சி. அண்ணிக்கு எம்மாம் சந்தோசம் தெரியுமா?” அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் மாமாவுக்கு உறைத்திருக்கும்.

உறைத்தது என்றுதான் நினைக்கிறேன். அடுத்த ஸ்டிரைக்குக்குக் கண்டிப்பாகப் போகலாம், மைசூருக்கே போகலாம், அங்கே நமக்கு ஒரு நாய்கூடச் சொந்தம் இல்லை என்று சொன்னார். அக்கா தலையாட்டினாள். ஆனால் அந்தப் படத்தை அவள் போனில் மறுபடி பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஒருநாள் கேட்டபோது, “மெமரி ஃபுல்லுனு காமிச்சிது, அழிச்சிட்டேன்” என்றாள். நான் மைசூரில் லாட்ஜ் தேட ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவாள். சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் ராசியாகி, ஸ்டிரைக்கும் வரவில்லை.

இந்த வருஷம் வெயில் தலை தூக்குகிற சமயத்தில் ஒரு காலை, குண்டானை இறக்கும்போது அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வரிசையில் நின்ற டிரைவர்கள்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார்கள். எங்களுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. அதை வாங்கிக்கொள்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். மாமா லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் பக்கம் இருந்தார். வண்டியை அங்கேயே ஓரங்கட்டிச் சாவியை ஒரு தோஸ்திடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முதலாளியிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

ஆபத்து தாண்டிவிட்டது என்று சொல்லி வார்டு அறைக்கு மாற்றினார்கள். மறுநாள் காலை நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். ஏ.சி. குளிர் எலும்பைக் கடித்தது. கதவை யாரோ தட்டினார்கள். கேன்டீன் பெண் ஒருத்தி டிரேயோடு உள்ளே வந்து, கட்டிலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு, ஒரு காகிதக் கப்பை அக்கா கையில் கொடுத்தாள். சர்க்கரை இல்லாத டீ. அக்கா போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அதை வாங்கினாள்.

கொஞ்ச நேரம் குடிக்காமல் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“பாத்தியாடி, கதவ தட்னாங்கோ.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

“குளுரு கீது. போர்வ கீது. படுத்துகினே டீ வருது” என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், பாவி. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “தண்ணியா கீது. இஞ்சியே போடல. பரவால்ல, யாரோ போட்டதுதான.” அப்புறம் கதவு வரைக்கும் போன அந்தக் கேன்டீன் பெண்ணைக் கூப்பிட்டு, “நீ குடிச்சியாம்மா?” என்று கேட்டாள். அந்தப் பெண் திகைத்துப்போய், குடித்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனாள்.

“அந்த லாட்ஜில கூட இப்டிதான் இருந்திருக்குமாடி?”

“இதவிட நல்லா இருந்திருக்கும்க்கா.”

“இது போதும்டி” என்றாள்.

மாமா அதற்குள் வந்து வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முழுவதையும் கேட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை. கட்டில் ஓரத்துக்கு வந்து அவள் காலைப் போர்வையோடு பிடித்துக்கொண்டு, “நான் இட்டுகினு போறேன் குழலி. நீ எழுந்து வா, நாம போலாம். லாட்ஜிலயே தங்கலாம். எவனுக்கும் சொல்ல மாட்டேன்” என்றார். சொல்லும்போதே உடைந்துவிட்டார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “இன்னாய்யா இது கோலம்? ராத்திரிலேர்ந்து பச்சத்தண்ணி கூட குடிக்கலியா?” என்று கேட்டாள். மேசையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கேட்டாள். மூடி போதாது என்று பார்த்து, மாத்திரை கொடுத்த இன்னொரு காகிதக் கப்பை எடுத்தாள். தன் டீயில் பாதியைச் சிந்தாமல் அதில் ஊற்றி நீட்டினாள்.

வேணாம் என்று சொல்லுவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். நீ குடி குழலி, இது உன்னுடையது என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார். அழுதுகொண்டே, நின்றபடியே குடித்தார்.

அக்கா தன் கப்பை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, அவர் குடித்து முடிக்கிறவரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஆறிப்போன மிச்சத்தைக் குடித்தாள்.